பட்டா நிலத்தில் இறங்கும் காட்டு வாத்து: சுட முடியாது, வேறு என்ன செய்யலாம்?

கேள்வி: ஆந்திராவில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய தடாவுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். ஐப்பசியில் முளைகட்டிய விதையைத் தெளித்தால், ராத்திரியில் காட்டு வாத்துகள் இறங்கி வாரித் தின்றுவிடுகின்றன. "சொந்தப் பட்டா நிலம்தானே, லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் சுடலாம்" என்கிறார் என் மாமா. அந்தக் காலத்தில் அனுமதி வாங்கி வாத்து சுட்டவர் அவர். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கட்டும் பணத்தில்தான் ஏரிகளையே காப்பாற்றுகிறார்களாம். இங்கே ஏன் அப்படிச் செய்யவில்லை? பழவேற்காடு ஏரியின் பெயரில் வரும் பணத்தில் எங்களுக்கு ஏதாவது உண்டா?

பதில்: முதலில் துப்பாக்கியை உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். மாமா சொல்வது ஒரு காலத்தில் சரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் தர வழி இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. பட்டாவா புறம்போக்கா என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய துப்பாக்கி உரிமமும் காட்டு உயிரைக் கொல்ல அனுமதி ஆகாது. சுடுவது மட்டுமல்ல, வலை கட்டுவது, கண்ணி வைப்பது, விஷம் கலந்த நெல்லைத் தூவுவது எல்லாமே வேட்டைதான். நம் பக்கம் வரும் வாத்துகளில் பெரும்பாலானவை இப்போது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில், இருக்கின்றன. கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சரணாலய எல்லைக்குள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. பிடித்தவர் மட்டுமல்ல, கறியை வாங்கி வைத்திருப்பவரும் மாட்டுவார்.

சரி, விதையை எப்படிக் காப்பாற்றுவது?

தின்றது வாத்துதானா என்று முதலில் பாருங்கள். விடிந்ததும் வரப்பில் நின்றால் சேறே சொல்லிவிடும். வாத்து அலகைச் சேற்றில் ஓட்டி நீரை வடிகட்டித் தின்னும். மேய்ந்த இடம் குழம்பிக் கலங்கிக் கிடக்கும், சவ்வுக்கால் தடம் இருக்கும், ஓரத்தில் சிறு இறகுகள் ஒதுங்கியிருக்கும். விதை போய், முளைத்த பயிர் நிற்கிறது என்றால் அது வாத்து. முளைத்த பயிரே பிடுங்கப்பட்டு, தண்டின் அடிப்பகுதி மட்டும் கடித்துப் போடப்பட்டிருந்தால் அது நீலத்தாழைக்கோழி. தண்டு சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் எலி. எலி செய்ததற்கு வாத்தைத் துரத்தி ராத்திரி தூக்கம் கெடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாத்துதான் என்றால், அதற்கு வேண்டியது நெல் மட்டுமல்ல, நிற்கும் நீரும்தான். பகலெல்லாம் ஏரி நடுவில் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் எழும்பி, அரையடி நீர் நிற்கும் கழனியாகப் பார்த்து இறங்கும். அதனால் கழனியைச் சமப்படுத்தப் பரம்பு அடிப்பதில் கவனம் வையுங்கள். மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தில் நீர் தேங்கும், கூட்டம் முதலில் இறங்குவது அங்கேதான். விதைத்த அன்று மாலைக்குள் நீரை முழுதாக வடித்து, முளை வேர் பிடிக்கும்வரை சேறு ஈரமாக மட்டும் இருக்கும்படி வைத்திருங்கள். முளைக்கும் அதுவே நல்லது.

பளபளக்கும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். ஆனால் சில நாளில் வாத்து அதற்குப் பழகிவிடும், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் காவல் என்றால் பொழுது சாய்ந்த முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். அன்றைக்கு இறங்காத கூட்டம் பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடும். சரணாலய எல்லைக்குள் வெடி போடவே கூடாது.

அக்கம்பக்கத்தாரோடு பேசி ஒரே வாரத்தில் விதைப்பது இதையெல்லாம்விட நல்லது. தனியாக முன்கூட்டி விதைத்த கழனிக்குத்தான் அடி முழுவதும். முடிந்தால் நேரடி விதைப்பை விட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் நாற்றங்கால் போட்டு நடவுக்கு மாறுங்கள். செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் வேர் பிடித்த நாற்றை வாத்து பொதுவாகத் தொடாது.

ஐப்பசியிலேயே இவை வந்துவிடுவதற்குக் காரணம் நீலச்சிறகி. வலசை வாத்துகளில் முந்தி வந்து பிந்திப் போவது அது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் பின்னால் வரும். ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் மத்திய ஆசியாவின் பிற பகுதிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசிய வலசைப் பாதை எனப்படும் வழியில் வருகின்றன. அந்தப் பாதையில் 30 நாடுகள் இருக்கின்றன. ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் இலையுதிர் காலத்தில் உரிமத்தோடு வாத்து வேட்டை நடக்கிறது. பல துப்பாக்கிகளைத் தாண்டித்தான் ஒவ்வொரு வாத்தும் உங்கள் கழனிக்கு வந்து சேர்கிறது.

இப்போது அமெரிக்கா. நீங்கள் கேள்விப்பட்டது சரி. 1930-களின் வறட்சியில் வாத்துகள் மளமளவென்று குறைந்தபோது, வேட்டைக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய வாத்து முத்திரையை 1934-இல் கொண்டுவந்தார்கள். டிங் டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட் வரைந்த முதல் முத்திரையின் விலை ஒரு டாலர். இப்போது 25 டாலர். 16 வயது நிரம்பிய யாரும் அதை வாங்காமல் வாத்து சுட முடியாது. அந்தப் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களை விலைக்கோ குத்தகைக்கோ வாங்கவே போகிறது. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் வனவிலங்குப் பணிக்குச் சேர்கிறது. நல்ல ஏற்பாடுதான், மதிக்க வேண்டியது. ஆனால் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை குறையக் குறைய, பறவை பார்க்க வருகிறவர்களும் பணம் கட்ட வேண்டாமா என்ற வாதம் அங்கேயே நடக்கிறது.

நமக்கு அது ஏன் ஒத்துவராது? அங்கே வாத்து பொரிக்கும் இடமும் குளிர்காலம் கழிக்கும் இடமும் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடும். 1955 முதல் விமானத்தில் போய் எண்ணி, அந்த ஆண்டு எத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். நம் பாதையில் 30 நாடுகளும் சேர்ந்து போடும் கணக்கு அப்படி எதுவும் இல்லை. இருப்பது ஜனவரிதோறும் பெரும்பாலும் தன்னார்வலர்கள் எடுக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. கணக்கில்லாமல் உரிமம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி: 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

அதே பரத்பூரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது தேசியப் பூங்கா ஆனதும் 1982-இல் ஊர் மாடுகளின் மேய்ச்சலைத் தடுத்தார்கள். மோதல் வெடித்து உயிர்கள் போயின. மாடு மேயாததால் புல் மண்டி, வாத்து நீந்தத் திறந்த நீர் குறைந்தது. ஊரை வெளியே நிறுத்தியதில் பறவைக்கும் நஷ்டம்தான்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். எச்சம் கலந்த ஏரி நீர் கழனிக்கு உரம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பறவை இருந்தால் விளைச்சல் என்ற அந்தக் கணக்குத்தான் இத்தனை காலம் அந்த ஏரியைக் காத்தது.

அப்புறம் பணம். மத்திய அரசின் நீர்வாழ் சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்கின்றன. மாநிலம் திட்டம் எழுதிக் கேட்டால்தான் வரும். பழவேற்காடு ஒரே ஏரி. ஆனால் பெரும்பகுதி ஆந்திராவில், மீதி தமிழ்நாட்டில், இரண்டு தனித்தனிச் சரணாலயங்களாக இருக்கிறது. அதனால் ஒரே ஏரிக்கு இரண்டு மாநிலங்களும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மழைக்குப் பின் ஏரியில் உப்பு குறையும், கோடையில் ஏறும். உப்பு ஏற ஏற பூநாரைக்குக் கவலையில்லை, வாத்து சுற்றியுள்ள பாசன ஏரிகளைத் தேடும். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாசன ஏரி சீக்கிரம் வற்றினால் வாத்துக்கு மிஞ்சுவது உங்கள் கழனிதான். வாத்துக்கான பணம் காவல் கோபுரத்துக்கும் பறவைத் திருவிழா மேடைக்கும் போவதைவிட, இந்த ஏரிகளைத் தூர்வாரவும், பறவை இறங்கும் கழனிக்காரருக்கு ஈடு கொடுக்கவும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் உங்கள் ஊர் நீர்ப் பயனாளர் சங்கத்தில் பேசுங்கள். மாசி, பங்குனி வரை ஏரியின் ஆழப் பகுதியில் நீர் நிற்கும்படி மதகை அடைக்கத் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு சேத விவரத்தை, தேதியிட்ட புகைப்படங்களுடன், வேளாண் அலுவலருக்கும் சூலூர்பேட்டை வனவிலங்கு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ராத்திரியில் யாராவது நைலான் வலை கட்டுவது தெரிந்தால் அதே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், நீங்களே அவிழ்க்கப் போக வேண்டாம். செத்துக் கிடக்கும் வாத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டுக் கோழி, வாத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவோ விஷமாகவோ இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய உலோக வளையம் இருந்தால் கழற்றாமல் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, வளையத்தில் பொறித்துள்ள முகவரிக்கு, பெரும்பாலும் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, இடமும் தேதியும் குறித்து அனுப்புங்கள்.