‘ஸ்வாடில்’ என்ற ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது?

கைக்குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றுவதைக் குறிக்கும் ‘ஸ்வாடில்’ பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகத் தொடங்கியது. ‘ஸ்வதெல்’ என்றால் சுற்றுத்துணி. அடிச்சொல், கட்டுத்துணியைக் குறிக்கும் ‘ஸ்வேத்’. ஈற்றிலுள்ள ‘எல்’ கருவியைக் குறிக்கும் விகுதி. ‘ஹேண்டில்’ (கைப்பிடி), ‘கர்டில்’ (இடைக்கச்சை) இரண்டிலும் இருப்பது அதுவே. வினைச்சொல்லில் உள்ளது, ‘ஸ்பார்க்கில்’ (மினுமினுத்தல்) போலத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும் விகுதி என்பாரும் உண்டு. எனக்கு இரண்டுமே பொருந்துவதாகத்தான் படுகிறது. ஏனென்றால் அக்காலத் தாய்மார் ஒரே போர்வையில் பொதியவில்லை. நீண்ட பட்டைத் துணியைத் தோளிலிருந்து பாதம்வரை சுற்றுமேல் சுற்றாகச் சுற்றினார்கள்.

‘த’ ஒலி ‘ட’ ஆனதும் இயல்பே: ‘ஃபிதெலெ’ இப்படித்தான் ‘ஃபிடில்’ ஆனது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் குழந்தை இயேசுவைச் சுற்றிய துணிகளை ‘ஸ்வாட்லிங் குளோத்ஸ்’ என்றது. சொல் நிலைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டு டப்ளினில் ஜான் சென்னிக் என்ற போதகர் அந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் செய்ய, அயர்லாந்தில் மெதடிஸ்டு என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கு ‘ஸ்வாட்லர்’ என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று: புல் அறுத்த பட்டையைக் குறிக்கும் ‘ஸ்வாத்’தை, மேலே சொன்ன ‘ஸ்வேத்’தோடு சேர்க்காமல், அகராதிகள் தனிச்சொல்லாகவே தருகின்றன.