ஏரி இருந்த இடம்

அன்புள்ள சார்,

2006இல் கம்போடியத் தலைநகர் புனோம் பென் போயிருந்தேன். போன மாதம் மறுபடியும். எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம், சீன எழுத்து. பழைய அமைதி போய்விட்டது. நான் தங்கிய ஏரிக்கரை விடுதியைக் காணோம், ஏரியையே காணோம். ஒரு நகரம் தன் ஆன்மாவை இழப்பதைப் பயணி எப்படி எடுத்துக்கொள்வது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த ஆன்மாவைக் கீழே வையுங்கள். கண்ணாடியும் சீன எழுத்தும் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கிருப்பவர்களுக்கும் வேலை வேண்டும். நீங்கள் ரசித்த அமைதியில் பாதி, 1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் மொத்த ஊரையும் காலி செய்து விரட்டியதன் மிச்சம்.

ஏரி வேறு விஷயம். பெங் காக். நானும் அங்கே தங்கியிருக்கிறேன். தண்ணீரில் கால் ஊன்றிய பலகைத் தளம், தூளி, ஆகாயத்தாமரை. வாடகையில் ஒரு டாலர் குறைக்கச் சொல்லி விடுதிக்கார அம்மாவிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அடுத்த முறை டுக்டுக் ஓட்டுநரிடம் "பெங் காக்" என்றேன். ஒரு மணல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏரி எங்கே என்று கேட்டதற்குக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

சுமார் 90 ஹெக்டேர் ஏரி அது. 2007இல் சுற்றியுள்ள நிலத்தோடு சேர்த்து 99 வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்தார்கள். 2008 ஆகஸ்டில் குழாய் போட்டு மணலை இறைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பகுதியில் சுமார் 4,000 குடும்பங்கள். பத்திரம் எங்கே என்றார்கள். எங்கிருந்து வரும்? கெமர் ரூஜ் காலத்தில் சொத்துரிமையே ஒழிக்கப்பட்டது, ஆவணங்கள் அழிந்தன. 1979இல் அந்த ஆட்சி விழுந்தபின் ஊருக்கு வந்தவர்கள் கிடைத்த இடத்தில்தான் குடியேறினார்கள். ஐந்து வருடம் தகராறின்றி அனுபவித்த நிலத்துக்கு உரிமை கோரலாம் என்றது 2001ஆம் வருட நிலச் சட்டம். ஆனால் ஏரி அரசுச் சொத்து என்று சொல்லி இவர்களைத் தள்ளிவிட்டார்கள். மணல் ஏற ஏற, சேறும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்தன. பலர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள், முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2011 ஆகஸ்டில், உலக வங்கி கம்போடியாவுக்குப் புதிய கடன் தருவதை நிறுத்திவைத்தது வெளியே தெரிந்த பிறகுதான், மிஞ்சியவர்களுக்கு 12.44 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். அதிலும் சில குடும்பங்கள் விடுபட்டன. மறு வருடம் போராடிய 13 பெண்கள் சிறைக்குப் போனார்கள்.

இதில் நீங்கள் இழந்தது ஒரு தூளி.

இன்னொன்று. அவர்களுடைய கெமர் மொழியில் பெங் என்றால் ஏரி. பெங் கெங் காங் பகுதியில் காபி குடித்திருப்பீர்களே, அங்கே ஏரி எங்கே என்று 2006இல் யாரையாவது கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை. நாம் முதல்முதலில் பார்த்ததைத்தான் பழைய ஊர் என்று எழுதிக்கொள்கிறோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. நீங்கள் தங்கிய விடுதியின் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். நான் தங்கியதன் பெயர் மறந்துவிட்டது.