வாசகர் கேள்வி – பதில்: ‘எல்.ஓ.எல்.’ என்றால் சிரிப்பா, அன்பா?

கே: ‘எல்.ஓ.எல்.’ என்பது ‘லூசிபர் அவர் லார்ட்’ என்பதன் சுருக்கம், சாத்தானை வணங்கும் சொல், யாரும் எழுதாதீர்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: புரளி. ‘லாஃபிங் அவுட் லவுட்’, அதாவது ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்பதுதான் விரிவு. இப்படி ஒரு கதை வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தப் பொருளில் இந்தச் சுருக்கம் முதலில் எழுத்தில் வந்த தேதி என்ன? சிரிப்புக்குத் தேதி இருக்கிறது. 1989 மே மாதம் ஃபிடோநெட் என்ற கணினி வலையமைப்பின் செய்தி மடல் அரட்டைச் சுருக்கங்களைத் தொகுத்து வெளியிட்டது, அதில் எல்.ஓ.எல். இருக்கிறது. சாத்தான் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஒட்டவைக்கப்பட்டவர். ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பள்ளியில் கேட்டிருப்பீர்களே, அதுவும் இதே ரகம்தான். ‘நியூ’ என்ற சொல்லில் பன்மை விகுதி சேர்ந்தது, அவ்வளவே.

கே: இதைக் கண்டுபிடித்தவர் யார்? எஸ்.எம்.எஸ். காசை மிச்சம் பிடிக்க வந்ததுதானே?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: இல்லை. உலகின் முதல் எஸ்.எம்.எஸ். போனதே 1992 டிசம்பர் 3-ஆம் தேதி. எல்.ஓ.எல். அதற்கு மூத்தது. 1980-களில் கனடாவின் கால்கரி நகரில், ‘வியூலைன்’ என்ற தொலைபேசிவழி அரட்டைத் தளத்தில் தானே முதலில் எழுதியதாக வேன் பியர்சன் என்பவர் சொல்கிறார். நண்பர் தட்டிய ஒரு வரியைப் படித்து, தனியறையில் நிஜமாகவே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாராம். நம்பும்படியான கதைதான். ஆனால் அந்த உரையாடலின் பதிவு கிடைக்கவில்லை என்பதால் இது உரிமைகோரல் மட்டுமே.

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த அந்தக் கால மோடம் மெதுவாக ஓடியதால் சுருக்கினார்கள் என்பதும் பாதி உண்மையே. ‘300 பாட்’ என்ற குறைந்த வேக மோடம்கூட நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளைக் கடத்தும். எந்த விரலும் அந்த வேகத்தில் தட்டாது. தடை கம்பியில் இல்லை, விரலில். கூடவே முகமும் குரலும் எதிராளிக்குத் தெரியாததால், சிரிப்பைச் சொல்லித்தான் காட்ட வேண்டியிருந்தது.

எஸ்.எம்.எஸ். அதைப் பரப்பியது நிஜம். ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும்: ‘நன்றி’ என்றாலே ஐந்து இடம் போய்விடும். நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: என் அத்தை இரங்கல் செய்திக்குக் கீழே ‘எல்.ஓ.எல்.’ என்று போட்டுவிட்டார். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று நினைத்தாராம்.
– ஒரு வாசகர், சேலம்

ப: அத்தையைத் திட்டாதீர்கள். கடிதத்தை முடிக்கும்போது ‘மிகுந்த அன்புடன்’ என்ற பொருளில் இதை எழுதியவர்கள் உண்டு. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரனும் அப்படி நினைத்துத்தான் தன் குறுஞ்செய்திகளில் போட்டுவந்தார் என்று, 2012-இல் பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில் பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் சாட்சியம் சொன்னார். இதற்கும் முன்னால், 1960 வாக்கிலேயே, ‘லிட்டில் ஓல்ட் லேடி’, அதாவது வயதான பாட்டியம்மா என்ற பொருளும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011 மார்ச்சில் எல்.ஓ.எல்.லைச் சேர்த்தபோது அதையும் பதிவு செய்திருக்கிறது.

அனுப்பியது வாட்ஸ்அப்பில் என்றால், செய்தியை அழுத்திப் பிடித்து, ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நேரம் கடந்திருந்தால் அந்த வசதி வராது. அப்போது ஒரு போன் போட்டு விளக்குவதே நல்லது.

கே: சிரிப்பே வராத இடத்திலும் பிள்ளைகள் இதைப் போடுகிறார்களே? ‘இப்பதான் எந்திரிச்சேன் எல்.ஓ.எல்.’ இதில் சிரிக்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

ப: ஒன்றும் இல்லை, அவர்களும் சிரிக்கவில்லை. இது இப்போது ஒரு இடைச்சொல் மாதிரி. ‘வா’ என்பதற்கும் ‘வாயேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! கட்டளை அதேதான், அந்த ‘ஏன்’ அதன் கடுமையைக் குறைக்கிறது. வரியின் கடைசியில் வரும் எல்.ஓ.எல். செய்வதும் அதுவே: ‘கோபமில்லை, சும்மா சொன்னேன்’. அமெரிக்க மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2013-இல் ஆற்றிய உரையிலும் இதே கருத்தைத்தான் சொன்னார். இந்த வேலையை அது சரியாகச் செய்வது சமவயதினரிடம் மட்டும். மேலதிகாரிக்கு ‘ஃபைல் நாளைக்குத் தருகிறேன் எல்.ஓ.எல்.’ என்று எழுதினால், கிண்டல் என்றே படும்.

நிஜச் சிரிப்பு வேறு பக்கம் போய்விட்டது. ஃபேஸ்புக் 2015-இல் தன் பயனர்களின் எழுத்தை அலசியபோது, ‘ஹாஹா’ 51.4 சதவீதம், இமோஜி 33.7 சதவீதம், எல்.ஓ.எல். வெறும் 1.9 சதவீதம்.

கே: நம்ம ‘லொள்ளு’ இதிலிருந்து வந்ததா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

ப: உங்கள் ஊர்க்காரரே கேட்கலாமா! ‘லொள்’ என்று நாய் குரைப்பது இணையத்துக்கு முன்பே நடக்கிறது. டச்சு மொழியில் ‘லோல்’ என்றால் வேடிக்கை, வெல்ஷில் பிதற்றல்; எல்லாம் தற்செயல் ஒற்றுமை. மற்றவர்கள் சிரிப்பதற்கு அவரவர் சொந்தச் சரக்கு வைத்திருக்கிறார்கள். தாய்லாந்துக்காரர் ‘555’ என்று அனுப்பினால் போன் நம்பர் என்று நினைக்காதீர்கள். அங்கே ஐந்துக்கு ‘ஹா’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர் ‘எம்.டி.ஆர்.’ என்று எழுதுவார்: சிரித்தே செத்தேன் என்று அர்த்தம், சாம்பார் பொடி அல்ல.

கே: பத்தாவது படிக்கும் பேரன் ‘லோல் விளையாடப் போறேன்’ என்கிறான்.
– ஒரு தாத்தா, கும்பகோணம்

ப: அது வேறு. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டு, 2009-இல் வந்தது. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்திவைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிடுவதானால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கூப்பிடுங்கள்.