பொது கிளாக் இல்லாத கிட்டை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் வயலில் இரண்டு யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா மாதிரி குச்சி குச்சியாக இருப்பது) நட்டு, 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சூரியனின் ரேடியோ அலையைப் பதிவு செய்ய ஆசை. கொச்சியில் ஒரு கடையிடம் ஆன்லைனில் 'இன்டர்ஃபெரோமீட்டர் கிட்', அதாவது இரண்டு ஆன்டெனாவில் வரும் அலையைச் சேர்த்து ஒப்பிடும் கருவி, வாங்கினேன். இரண்டு எஸ்டிஆர் டாங்கிள்தான் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) வந்தது, இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டும் பொது கிளாக், விளம்பரத்தில் போட்டிருந்தது, இல்லை. கேட்டால், நீங்கள் வேறு மாநிலம், திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். இதை வைத்தே ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு டாங்கிளுக்குள்ளும் கிளாக்காகத் தனி 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது, இரண்டும் அதனதன் போக்கில் நகரும், அப்புறம் அலைகளின் கட்டத்தை, அதாவது எது முந்தி எது பிந்தி என்பதை, ஒப்பிடுவது எப்படி? விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது, 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. முதலில் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

பணம் வந்ததும் ஒரே ஒரு டாங்கிள் வாங்குங்கள். இரண்டு ஆன்டெனாவின் கேபிளையும் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு ஒன்றாகச் சேர்த்துவிட்டால் கிளாக் பிரச்சினையே எழாது. கேபிளுக்கு டிவிக்குப் போடும் ஆர்ஜி 6 போதும். 75 ஓம், 50 ஓம் என்று கடைக்காரர் பயமுறுத்துவார், ஆனால் அலையை அனுப்பாமல் பிடிக்க மட்டும் என்றால் அந்த வித்தியாசத்தில் போவது மிகக் குறைவு, 50 ஓம் கேபிளான ஆர்ஜி 58ஐ விட இழப்பும் குறைவுதான். இரண்டு துண்டும் ஒரே நீளம் இருக்கட்டும். விலை உயர்ந்த குறை இரைச்சல் ஆம்ப்ளிஃபையரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். இந்த அலைவரிசையில் வானத்தின் இரைச்சலே சில நூறு கெல்வின் (இரைச்சலை வெப்பநிலைக் கணக்கில் சொல்வது) இருக்கும்போது, ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் குறைந்து என்ன பயன்? அந்தக் காசில் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் வாங்குங்கள். எல்லையில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம் என்று 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் நிலையங்கள் டாங்கிளைத் திணறடிக்கும்.

150.05 முதல் 153 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் ரேடியோ வானியலுக்கும் ஒதுக்கிய பட்டை, அதற்குள் டியூன் செய்யுங்கள். ஆன்டெனாக்களைக் கிழக்கு மேற்காக 20 மீட்டர் தள்ளி நட்டு, நடுப்பகல் சூரியன் நிற்கும் பக்கம் திருப்பினால், உச்சி வேளையில் சுமார் 23 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவில் சிக்னல் அளவைக் காட்டும் கோடு ஏறி இறங்கும். சாரல் தொடங்கும் முன் கனெக்டர்களை நன்றாகச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.