பதில்: கொச்சி–லண்டன் 11 மணி நேரம் என்கிறார்கள், அம்மாவின் டிக்கெட்டில் 9 மணி நேரம்தானே வருகிறது?

கொழிஞ்சாம்பாறைக்காரரே, நான் பக்கத்து வேலந்தாவளம்தான். டிக்கெட்டில் தப்பில்லை. கிளம்பும் நேரம் கொச்சி நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு 5½ மணி நேரம் பின்னால் (கோடையில் 4½). நீங்கள் எழுதியபடி துபாய் வழியாக அதிகாலை 4.30க்குக் கிளம்பி மதியம் 1.25க்கு இறங்கினால், 8 மணி 55 நிமிடத்தோடு 5½ஐக் கூட்டுங்கள்: 14 மணி 25 நிமிடம். துபாயில் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம்.

அந்த 11 மணி நேரம் நிற்காமல் பறந்தால் ஆகும் கணக்கு. நேர்தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். துபாய் வழி சுற்று என்று நினைக்க வேண்டாம்; கொச்சி–துபாய் 2,800, அங்கிருந்து லண்டன் 5,500, கூட்டினால் நூறு கிலோமீட்டர்தான் அதிகம். துபாய் போகிற வழியிலேயே இருக்கிறது. திரும்பும்போது பறக்கும் நேரம் குறையும், குழம்பாதீர்கள்: உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளும்.

எனக்கென்னவோ கவலைப்பட வேண்டியது நம்ம ஊர் ரோட்டைத்தான். பாலக்காடு–திருச்சூர் ரோட்டில் குதிரான் சுரங்கம் வந்த பிறகு பரவாயில்லை, ஆனாலும் திருச்சூர் தாண்டி நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையம் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும் என்றால் முந்தின நாள் இரவு 9.30க்கே வண்டி எடுக்க வேண்டும். அப்புறம், அம்மாவுக்கு 68 வயது என்கிறீர்கள், சக்கர நாற்காலி இப்போதே கேட்டு வையுங்கள். துபாயில் நடை ரொம்ப தூரம்.