பதில்: தகர ஷெட்டுல காலி மீன் தொட்டி வைக்கலாமா?
ப்ரோ, வேலூர் வெயில்ல மாடி தகர ஷெட்டுல நாலடி தொட்டிய ஆறு மாசம் வச்சா ஒட்டு விட்டுடுமான்னு கேட்டிருக்கீங்க. கண்ணாடிய ஒட்டியிருக்கற சிலிகோன் பசை நூறு டிகிரிக்கு மேலயே தாங்கும், ஷெட்டு உள்ள அம்பது அறுவது வந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. பயப்பட வேண்டியது கண்ணாடிக்குத்தான், அதுவும் சூட்டுக்கு இல்ல, ஒரு பக்கம் வெயில் அடிச்சு கொதிச்சு இன்னொரு பக்கம் நிழல்ல இருக்கறதும், காஞ்சு கெடக்கறப்ப திடீர்னு கோடை மழை சாரல் படறதும்தான் விரிசல் விட வைக்கும், ஓரத்துல சின்ன சில்லு போயிருந்தா அங்கருந்துதான் ஆரம்பிக்கும். அதனால ஜன்னல் பக்கம் வேணாம், மேல பழைய பெட்ஷீட் போட்டு மூடுங்க, பிளாஸ்டிக் ஷீட் சுத்தாதீங்க ஈரம் உள்ளயே நிக்கும்.

அடியில தெர்மாகோல் போட்டு சமமான தரையில நேரா உக்கார வைங்க, சாய்ச்சு வைக்காதீங்க, உள்ள சாமான் அடுக்கவே கூடாது (வீட்ல கண்டிப்பா அடுக்குவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க). கழுவறதுக்கு சோப்பு வேணாம், உப்புக் கறைக்கு வினிகர் போதும். ஃபில்டர், அக்ரிலிக் மூடி ரெண்டையும் கீழ வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க, ரப்பர் வாஷர் சூட்டுல காஞ்சு இறுகிடும், மூடி வளைஞ்சிடும்.

திரும்ப எடுக்கறப்ப சுடற கண்ணாடில தண்ணி ஊத்திடாதீங்க, ஒரு ராத்திரி நிழல்ல ஆறட்டும், அப்புறம் கால்வாசி கால்வாசியா நிரப்பி அடியில பேப்பர் விரிச்சு கசியுதான்னு ரெண்டு நாள் பாருங்க.