ஆறு பேரும் ஐந்து இருக்கையும்

வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன், பணி ஓசூரில். வாரத்தில் ஆறு நாள், போக வர நூறு கிலோமீட்டர், தனியாகவே காரில் செல்கிறேன். பழைய காரை விற்றுவிட்டு, பயன்படுத்திய டீசல் கார் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். 2017-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.டி.ஐ. ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். மேலுமலை ஏற்றத்தில் அது இழுத்த இழுப்பு இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. என் மனைவியோ, ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும் மாருதி எர்டிகா டீசல்தான் குடும்பத்துக்கு ஏற்றது என்கிறார். எஸ்டேட் எனப்படும் நீளமான கார் கிடைத்தால் இருவருக்கும் பொதுவாக இருக்குமென்று தேடினேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. எங்களுக்கு எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரு குழந்தைகள். பெற்றோர் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு எல்லோரும் சேர்ந்து வெளியே போவோம். மாம்பழப் பருவத்தில் கூடைகளும் உடன் வரும். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் போலோவின் இழுவைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அம்மாவின் முழங்காலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

பெற்றோரையும் சேர்த்தால் நீங்கள் ஆறு பேர். போலோவின் பதிவுச் சான்றில் இருப்பதோ ஓட்டுநருடன் சேர்த்து ஐந்து இருக்கை. சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி எதிலாவது மோதும் அந்தக் கணத்தில் மடியிலிருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தினால் பின்னால் நான்கு பேர் நெருக்கியடிக்க வேண்டும். பின்னால் அமர்த்தினாலோ, போலோவின் பின் இருக்கை தாழ்வானது, முன் இருக்கைக்கும் அதற்கும் நடுவே காலை நீட்ட இடம் குறைவு என்பதால், அவர் ஏறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு முறையும் ஒரு பாடாகிவிடும். வாங்குவதற்கு முன் அவரை ஒருமுறை இரண்டு வண்டிகளிலும் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் மேலுமலையில் செய்த சோதனையைவிட இது முக்கியமானது.

இழுவையைப் பற்றி நீங்கள் எழுதியதில் மிகை எதுவும் இல்லை. அந்தச் சிறிய உடலுக்குள் இருக்கும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் 110 பி.எஸ். திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது; அந்த விசை நிமிடத்துக்கு 1500 சுழற்சியிலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதால், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே முந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தை ஏறுகிறோம் என்ற உணர்வே ஓட்டுபவருக்கு வராது. சூளகிரிப் பக்கம் சரக்கு லாரிகளை முந்தும்போது எதிர்பார்த்த நொடியில் வண்டி பாய்வது வெறும் மகிழ்ச்சி மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. முந்தைய தலைமுறை எர்டிகாவின் 1.3 லிட்டர் எஞ்சினோ, கனமான உடலை 90 பி.எஸ். திறனையும் 200 நியூட்டன் மீட்டரையும் வைத்துக்கொண்டு இழுக்கிறது. 2000 சுழற்சிக்குக் கீழே அது சோம்பேறி. கியரைக் குறைத்துத்தான் அதை எழுப்ப வேண்டும். வளைவுகளில் போலோ சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பும். எர்டிகா சற்றே சாய்ந்துகொண்டு திரும்பும். என்னைத் தனியாகக் கேட்டால், தனியாகப் போகும் ஆறு நாளுக்கும் போலோவின் சாவியைத்தான் எடுப்பேன்.

கூடைகளைப் பற்றி உங்கள் மனைவிக்கும் ஒரு செய்தி உண்டு. எர்டிகா பெரிய வண்டிதான், 4.3 மீட்டர் நீளம். ஆனால் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி ஏழு பேரையும் ஏற்றிவிட்டால், அந்தத் தலைமுறை வண்டியில் பின்னால் மிஞ்சும் இடம் 135 லிட்டர் மட்டுமே. போலோவின் டிக்கியோ 280 லிட்டர். பெரிய வண்டி வாங்கினோம், பையை எங்கே வைப்பது என்று திருப்பதிக்குப் புறப்படும் நாளில் விழிப்பவர்கள் பலர். உங்கள் விஷயத்தில் ஆறு பேர்தான் என்பதால், 2015 இறுதிக்குப் பிறகு வந்த வண்டிகளில் இரண்டாகப் பிரியும் மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடித்துவிட்டு அங்கே கூடைகளை அடுக்கலாம். மற்றப் பாதியில் மூத்த குழந்தை அமரலாம். கூடைகளைக் கயிற்றால் கட்டாமல் வைக்க வேண்டாம். நான்கு கூடை மாம்பழம் பிரேக் பிடிக்கும்போது முன்னால் வந்து விழுந்தால் பழம் மட்டும் நசுங்காது. கூரைமேல் கேரியர் போட்டு ஏற்றுவதும் கூடாது. உயரமான வண்டியின் தலையில் பாரம் ஏறினால் வளைவுகளில் அதன் சாய்வு கூடும்.

செலவைப் பொறுத்தவரை, மாதம் ஏறத்தாழ 2600 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு டீசல் என்ற முடிவு சரி. லிட்டருக்கு 17 கிடைத்தாலும் 19 கிடைத்தாலும் மாதத்துக்கு வித்தியாசம் பதினாறு லிட்டர்தான். அதை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பழுதுபார்ப்பில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. எர்டிகாவின் 1.3 எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எத்தனையோ கார்களில் ஓடிய எஞ்சின் என்பதால், வாடகைக் கார் நிற்கும் ஊரிலெல்லாம் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். அதில் டைமிங் செயின், அதாவது எஞ்சினின் சுழற்சியோடு வால்வுகளை இசைந்து இயங்கவைக்கும் சங்கிலி. போலோவில் டைமிங் பெல்ட். பெல்ட்டை உரிய கிலோமீட்டரில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே வீணாகும். செயின் உள்ள எர்டிகாவைப் பார்க்கப் போவதென்றால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய், முதல் ஸ்டார்ட்டில் சலசலப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் மீண்டும் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆக, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு ஆறு பேர் என்று நீங்களே எழுதியிருப்பதால், எர்டிகாவை வாங்குங்கள். இரண்டு காற்றுப்பைகளும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் உள்ள வகையாக இருக்கட்டும். காற்றுப்பையின் அருமையை அறிய நீங்கள் விரும்பும் போலோவே சான்று: 2014-இல், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, இரண்டு காற்றுப்பைகள் உள்ள போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. பெற்றோரோடு போகும் பயணம் ஆண்டில் ஐந்தாறு முறைதான் என்றிருந்தால், அந்த நாட்களுக்கு வாடகைக் கார் வைத்துக்கொண்டு போலோவையே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன்.

வாங்கிய பிறகு ஒரு வேண்டுகோள். ஆறு பேரோடு சேலம் பக்கம் போகும்போது தொப்பூர் கணவாயில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்காதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய பாடம். தனியாகப் போகும்போது பொறுத்துக்கொள்ளும் பிரேக், முழுப் பாரத்தில் சூடேறித் தளர்ந்துவிடும். முழுப் பாரத்துக்கு உரிய டயர் காற்றழுத்தம் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். புறப்படும் முன் அந்த அளவுக்குக் காற்று நிரப்புங்கள்.

கேள்வி: பெங்களூரில் 2014-ஆம் ஆண்டு டீசல் போலோ ஒன்று மலிவாக வருகிறது. கர்நாடகப் பதிவு எண். அப்படியே ஓசூரில் வைத்து ஓட்டலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அப்படி ஓட்டுபவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்; அதனால் அது சரியாகிவிடாது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. விற்பவர் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தின் வழியே தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். அந்த வரித் தொகையை முதலில் ஓசூர் அலுவலகத்தில் கேட்டறிந்து, சொல்லும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்ற சொல் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். இன்னொன்று: புகை அளவு தொடர்பாக, 2015 நவம்பர் வரை தயாரான டீசல் வண்டிகளில் சுமார் 3.23 லட்சத்தைத் திரும்ப அழைப்பதாக ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் இந்தியாவில் அறிவித்தது. நீங்கள் பார்த்த வண்டியில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனப் பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 2008-ஆம் ஆண்டு டாடா இண்டிகோ மெரினா உள்ளது. இவ்வளவு வசதியான எஸ்டேட் கார்கள் ஏன் நம் நாட்டில் நிலைக்கவில்லை? இதை வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: டாடா எஸ்டேட், பலேனோ ஆல்டுரா, கோர்சா ஸ்விங், ஆக்டேவியா கோம்பி, பின்னர் 2004-இல் உங்கள் மெரினா என்று ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. பின்புறம் நீண்ட காரைச் சரக்கு வண்டி போலவும், தனி டிக்கி துருத்திய காரைக் கௌரவமாகவும் பார்த்த கண்கள் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம்: 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, டீசலானால் 1500 கன சென்டிமீட்டருக்கும் பெட்ரோலானால் 1200-க்கும் மிகாத எஞ்சின் கொண்ட கார்களுக்கு 2006 நிதிநிலை அறிக்கை கலால் வரியைக் குறைத்தது. அதன்பின் இண்டிகோவே வால் வெட்டப்பட்டு, இண்டிகோ சி.எஸ். என்ற குட்டைக் கார் ஆனது, போலோவின் 1.6 டீசல் எஞ்சின் 1.5 ஆகச் சுருங்கியதும் இந்தக் கணக்கினால்தான். நீளத்தையே பயனாகக் கொண்ட எஸ்டேட்டுக்கு அந்த வரம்புக்குள் இடமில்லை. நீளம் வேண்டியவர்களும் அதே நீளத்தில் ஏழு இருக்கை கிடைத்தபோது எர்டிகா பக்கம் போய்விட்டார்கள்.

பதிவைப் புதுப்பித்து, அடித்தளத்தில் துரு ஏறாமல் இருந்தால் மெரினாவை வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் அதன் பயனுக்குரிய விலை கிடைக்காது. எஞ்சின், சஸ்பென்ஷன் பாகங்கள் மற்ற இண்டிகோக்களிலிருந்தும் கிடைக்கும். பின்கதவும், அதன் கண்ணாடியும், பின்விளக்குகளும் மெரினாவுக்கே உரியவை. சேலத்திலோ பெங்களூரிலோ பழைய பாகங்கள் விற்கும் கடையில் ஒரு ஜோடி பின்விளக்கு கண்ணில் பட்டால் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அதுவரை ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.